அரக்கில் எஞ்சிய ஜாஸ்

நியூ ஆர்லியன்ஸ், லூசியானா

நியூ ஆர்லியன்ஸின் ஃபர்ஸ்ட் தெருவில், மரப்பலகைச் சுவரும் முன்னால் சில படிகளுமாக, ஒரு சிறிய இரட்டை வீடு நிற்கிறது. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நகரத்தை ஆட்டிவைத்த கார்னெட் கலைஞர் பட்டி போல்டன் வாழ்ந்த வீடு அது. ஜாஸுக்கு முதல் தலைவர் அவர்தான் என்று அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் சொன்னார்கள். 1907இல் மனநோயால் மருத்துவமனைக்குப் போனவர் வெளியே வராமலே 1931இல் இறந்தார். ஹோல்ட் இடுகாட்டில் அவரைப் புதைத்த இடம் எதுவென்று சரியாகத் தெரியாததால், பொதுவாக ஒரு நினைவுக்கல் நட்டிருக்கிறார்கள். அவருடைய இசையின் கதியும் அதுவே. ஒருமுறை மெழுகு உருளையில் வாசித்துப் பதிந்தார் என்று பேச்சு உண்டு; அந்த உருளை இன்றுவரை யார் கைக்கும் கிடைக்கவில்லை. ஒரு நகரமே கேட்ட வாசிப்பில் ஒரு நொடிகூட நமக்கு மிஞ்சவில்லை.

பழைய ஜாஸ் தட்டுகளைத் தேடிப் போகும் எந்தப் பயணமும் இந்த மௌனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆரம்பகால ஜாஸ் என்று நாம் கேட்பது அன்று வாசிக்கப்பட்ட இசையில் ஒரு சிறு பங்கு. பதிவாகி, விற்று, உடையாமல் தப்பி, யாரோ ஒருவர் தேடி எடுத்து வைத்ததால் கிடைத்த பங்கு. ஆகவே தட்டு சேர்ப்பவரைப் பொழுதுபோகாத பணக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த இசையின் வரலாற்றைக் காப்பாற்றியதில் நிறுவனங்களைவிட அவர் செய்தது அதிகம். அதே சமயம், அவர் சேர்த்ததைப் பட்டியலிட்டுப் பிறர் கேட்கத் திறந்துவைத்த அளவுக்குத்தான் அவருக்கு மதிப்பு. இதுதான் என் வாதம். தட்டுகள் பிறந்த ஊர்களின் வழியே வடக்கும் கிழக்குமாகப் போனால் இதற்கான சான்றுகளும் கிடைக்கும், எதிர்வாதங்களும் கிடைக்கும்.

முதல் சான்று இந்த ஊரிலேயே இருக்கிறது. ஜாஸ் என்ற பெயரோடு வந்த முதல் தட்டு 1917 பிப்ரவரி 26 அன்று பதிவானது. பதிவான இடம் நியூயார்க், நிறுவனம் விக்டர், வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸிலிருந்து போன ஐந்து வெள்ளையர்கள், ஒரிஜினல் டிக்ஸிலாண்ட் ஜாஸ் பேண்ட். இந்த இசையை உருவாக்கிய கறுப்பின நகரத்திலிருந்து ஒரு கறுப்பினக் குழு தட்டேறியது 1922இல்தான். கிட் ஓரியின் குழு, அதுவும் லாஸ் ஏஞ்சலஸில். கறுப்பினக் கார்னெட் கலைஞர் ஃப்ரெடி கெப்பர்டுக்கு முன்பே அழைப்பு வந்ததாகவும், தன் வாசிப்பைத் தட்டிலிருந்து பிறர் திருடிவிடுவார்கள் என்று அவர் மறுத்ததாகவும் கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, தட்டுகளின் வரிசையை மட்டும் நம்பி ஜாஸின் வரலாற்றை எழுதினால் பிறப்புச் சான்றிதழே தவறான பெயரில் இருக்கும்.

இந்த ஊர்க்காரர்களோ தட்டைப் பற்றி அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. ஃப்ரெஞ்ச்மென் தெருவில் மாலையானால் பித்தளைக் குழல்கள் கேட்கத் தொடங்குகின்றன. இறுதி ஊர்வலத்தில் பேண்டின் பின்னால் குடையை ஆட்டிக்கொண்டு ஆடிவருகிறவர்களில் தாத்தாவும் உண்டு, பேரனும் உண்டு. மாமனிடமிருந்து மருமகனுக்கு இசை கைமாறும் ஊரில் அதை அலமாரியில் வைத்துக் காக்கும் அவசரம் யாருக்கும் இருந்ததில்லை. திங்கட்கிழமைதோறும் வீடுகளில் சிவப்புக் காராமணி போன்ற பீன்ஸைக் குழைய வேகவைத்துச் சோற்றோடு சாப்பிடும் வழக்கமும் அப்படியே தொடர்கிறது. ஆனால் கைமாறுவது வாசிக்கும் முறை. குறிப்பிட்ட ஒரு நாளின் குறிப்பிட்ட வாசிப்பு கைமாறாது. கட்டடங்களும் நிற்பதில்லை. சிறுவன் லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு வேலை தந்த கர்னோஃப்ஸ்கி குடும்பத்தின் தெற்கு ராம்பார்ட் தெருக் கடை 2021இல் ஐடா புயலில் இடிந்து விழுந்தது. முதியவர்களின் நினைவுகளைக் கேட்டுப் பதியும் ஆவணக்காப்பகம் டுலேன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது 1958இல். போல்டனோடு வாசித்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் போய்விட்டார்கள்.

சிகாகோ, இலினாய்

நியூ ஆர்லியன்ஸிலிருந்து வடக்கே போகும் ரயில் முதலில் சதுப்புநிலத்தின் மேல் ஓடுகிறது. இருபுறமும் தண்ணீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்கள். கிளைகளில் நரைத்த தாடிபோலத் தொங்கும் பாசி. பிறகு மிசிசிப்பியின் பைன் காடுகளும், இருட்டும் நேரத்தில் பருத்தி விளையும் சமவெளியும் வருகின்றன. விடியும்போது இலினாயின் சோளக்கொல்லை அடிவானம்வரை தட்டையாகக் கிடக்கிறது. பருத்திக் காட்டையும் இனவெறியையும் விட்டு லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கே குடிபெயர்ந்த முக்கியமான தடங்களில் இதுவும் ஒன்று. 1922 ஆகஸ்டில் ஆம்ஸ்ட்ராங் வந்ததும் ரயிலில்தான், தன் குரு கிங் ஆலிவர் அழைத்ததன் பேரில். சிகாகோவின் தெற்குப் பகுதியில் இன்றும் கடைவாசலில் விறகுப் புகையில் வெந்துகொண்டிருக்கும் பன்றி விலா இறைச்சி மிசிசிப்பியின் கைப்பக்குவம். சாப்பாடு வந்த வழியேதான் இசையும் வந்தது.

ஆலிவரின் குழு வாசித்த லிங்கன் கார்டன்ஸ் நடன அரங்கம் 31ஆம் தெருவில் இருந்தது. இப்போது அதன் சுவடே இல்லை. 35ஆம் தெருவில் ஆம்ஸ்ட்ராங்கும் பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸும் வாசித்த சன்செட் கஃபேயின் கட்டடம் மட்டும் தப்பியது. அதுவும் பல்லாண்டுகள் ஹார்டுவேர் கடையாக இருந்து. பெயிண்ட் டப்பாக்களுக்கும் ஆணிப் பெட்டிகளுக்கும் பின்னால், பழைய மேடைச் சுவரின் ஓவியம் அழியாமல் கிடந்தது.

இங்கே முதல் எதிர்வாதம் எழுகிறது. ஜாஸ் என்பது அந்த அரங்கில், ஆடுகிறவர்களின் வியர்வையோடு, விடிய விடிய நடந்த நிகழ்வு. பத்து அங்குலத் தட்டில் மூன்று நிமிடத்துக்குள் அடைத்தது அதன் எலும்புக்கூடு. எலும்பைச் சேர்த்துவைத்து உயிரைச் சேர்த்ததாகச் சொல்லலாமா? கச்சேரியில் ஒரு மணி நேரம் விரியும் ராகத்தை அதே மூன்று நிமிடத் தட்டில் கேட்ட தமிழருக்கு இந்தக் குறை புதிதல்ல. குறை உண்மையானதும்கூட. ஆனால் சிகாகோ இதற்கு ஒரு பதிலும் வைத்திருக்கிறது. 1925 நவம்பர் 12 அன்று ஓக்கே நிறுவனத்துக்காக இங்கே முதல் பதிவைச் செய்த ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ், மேடைக் குழுவே அல்ல. தட்டுக்காகவே கூடிய ஐவர். மக்கள் முன் அவர்கள் சேர்ந்து வாசித்த தருணங்கள் மிக அரிது. ஜாஸைக் கூட்டு வாசிப்பிலிருந்து தனிக்கலைஞரின் கற்பனைக்குத் திருப்பிய அந்தப் பதிவுகளுக்கு மூலமாக ஒரு கச்சேரி எங்கும் கிடையாது. மூன்று நிமிடம்தான் அதன் முழு உரு.

இன்னொரு சான்று அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட்டிலிருந்து. பிக்ஸ் பைடர்பெக் என்ற பையன் வீட்டு கிராமபோனில் டிக்ஸிலாண்ட் குழுவின் தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, கூடவே வாசித்து கார்னெட் கற்றான். பின்னாளில் பெரும் கலைஞனானான். தட்டு வெறும் சாட்சி என்றால் இப்படி நடந்திருக்காது. இந்த இசை பரவியதும் மாறியதும் தட்டின் வழியாகத்தான். ஆகவே தட்டைச் சேர்ப்பவர் நிழலைச் சேர்க்கிறார் என்பது பாதிதான் உண்மை.

கிராஃப்டன், விஸ்கான்சின்

சிகாகோவுக்கு வடக்கே மிச்சிகன் ஏரியை ஒட்டிப் போனால், மில்வாக்கியைத் தாண்டிப் பால்பண்ணை நாடு தொடங்குகிறது. ஜெர்மானியர் குடியேறிய ஊர்கள். வெள்ளிக்கிழமை என்றால் பொரித்த மீனும், கம்பு ரொட்டியும், பீரும். ஏரிக்கரையில் போர்ட் வாஷிங்டன், சற்று உள்ளே மில்வாக்கி ஆற்றங்கரையில் கிராஃப்டன். தெற்கின் கறுப்பின இசைக்கு எந்தச் சம்பந்தமும் இருக்க முடியாத இந்த அமைதியான ஊரில், பியானோக் கட்டைகள்போல அமைத்த நடைபாதையில் அந்த இசைக் கலைஞர்களின் பெயர்களைப் பதித்திருக்கிறார்கள். காரணம் ஒரு நாற்காலி கம்பெனி. விஸ்கான்சின் சேர் கம்பெனி கிராமபோன் பெட்டிகள் செய்தது. பெட்டி விற்க வேண்டுமென்றால் தட்டும் வேண்டுமே என்று 1917இல் பாராமவுண்ட் என்ற லேபிளைத் தொடங்கியது. கறுப்பின மக்களுக்கான தட்டுகளில் வியாபாரம் இருப்பதைக் கண்டு, சிகாகோவில் மேயோ வில்லியம்ஸ் என்ற கறுப்பினத் தயாரிப்பாளரை அமர்த்தியது. ஆலிவர், ஜெல்லி ரோல் மோர்டன், கெப்பர்ட், மா ரெய்னி எல்லோரும் இந்த லேபிளில் பதிந்தார்கள். நாற்காலி முதலாளிகளுக்கு இந்த இசைமேல் பிடிப்பு இருந்ததாகத் தெரியவில்லை. மலிவான கலவையில் தட்டடித்தார்கள். புதுத் தட்டிலேயே இரைச்சல் கேட்கும்.

அந்தக் கலவை நமக்கு அந்நியமானதல்ல. பழைய ஜாஸைத் தேடுபவர் இன்று வைனல் தட்டு என்று பொதுவாகச் சொன்னாலும், 1920களின் ஜாஸ் வைனலில் வந்ததில்லை. கல்தூளும் கரியும் கலந்து, அரக்கால் பிணைத்த, கீழே விழுந்தால் உடையும் 78 சுழற்சித் தட்டு அது. உலகச் சந்தையின் அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. சோட்டாநாக்பூர்ப் பக்கத்துப் புரசிலும் இலந்தையிலும் பூச்சிகள் கட்டிய பிசினைச் சுரண்டிக் காய்ச்சிக் கப்பலேற்றினார்கள். பெயர் தெரியாத அந்தக் காட்டு மக்களின் உழைப்பு சிகாகோவின் இசையைத் தாங்கியது. போர் வந்து கடல்வழி தடைபட்டபோது, 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்கை 70 விழுக்காடு வெட்டியது. பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதியது என்று கடைகள் சொல்ல, வீட்டிலிருந்த பழசெல்லாம் அரைபட்டது.

அதற்கு முன்பே பொருளாதாரப் பெருமந்தம் ஒரு சுற்று அழித்திருந்தது. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி தட்டுகள் விற்றன. 1932இல் 60 லட்சம்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாராமவுண்ட் அந்த ஆண்டோடு பதிவை நிறுத்தியது. தட்டடிக்கும் உலோக அச்சுகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. கோபமுற்ற தொழிலாளர்கள் தட்டுகளையும் அச்சுகளையும் ஆற்றில் வீசினார்கள் என்று ஊரில் கதை. 2006இல் ஒரு தொலைக்காட்சிக் குழு முக்குளிப்பவர்களை இறக்கித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை.

எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது தட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஆற்றங்கரையில் புல் மூடிய பாராமவுண்ட் ஆலையின் அடித்தளமே பதில். மூல அச்சு அழிந்த பிறகு மிச்சமிருப்பது யாரோ வாங்கிய தட்டுகள் மட்டும். 1953 முதல் ரிவர்சைட் நிறுவனம் பாராமவுண்ட் பதிவுகளையும் ஜெனட் என்ற இன்னொரு லேபிளின் பதிவுகளையும் வைனலில் மறுபடி வெளியிட்டபோது, சேகரிப்பாளர்களின் தட்டுகளிலிருந்தே ஒலியை எடுத்தார்கள். இணையத்தில் கேட்கும் ஒவ்வொரு கோப்புக்குப் பின்னாலும் அப்படி ஒரு தட்டு இருக்கிறது: அதன் கீறல், அதன் தேய்வு, அதற்குத் தேர்ந்த ஊசி, அன்றைய கருவி, எடுத்தவரின் காது. நாளை இன்னும் தேயாத தட்டு ஒன்று கிடைத்தால் இன்றைய கோப்பு பழசாகிவிடும். ஆலிவரின் 1923ஆம் ஆண்டுப் பதிவுகள் முழுவதையும் ஆர்க்கியோஃபோன் நிறுவனம் இந்த நூற்றாண்டில் புதிதாக எடுத்து வெளியிட்டபோது, எண்பது ஆண்டுகளாகக் கலங்கலாகக் கேட்ட குழல்கள் பிரிந்து கேட்டன. நல்ல தட்டுகளை யாரோ வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

ரிச்மண்ட், இண்டியானா

அந்த ஆலிவர் தட்டுகளில் முதலில் பதிவானவை பிறந்த இடம் சிகாகோவிலிருந்து தென்கிழக்கே, ஒஹையோ எல்லையோரம். ரிச்மண்ட் குவேக்கர்கள் வளர்த்த ஊர். தட்டைவிட அகலமாக நீட்டித் தட்டிய பன்றி இறைச்சியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, சின்ன பன்னுக்குள் வைத்துத் தருகிறார்கள். ஊரைப் பிளந்து ஒயிட்வாட்டர் ஆறு ஒரு பள்ளத்தில் ஓடுகிறது. பள்ளத்தில் ஸ்டார் பியானோ ஆலை இருந்தது. அதன் கிளைதான் ஜெனட் ரெக்கார்ட்ஸ். மிச்சமிருக்கும் செங்கல் கட்டடத்தில் பழைய பெயர் தெரிகிறது. கீழே நடைபாதையில் கலைஞர்களின் உருவங்களைப் பெரிய தட்டுகளாகப் பதித்திருக்கிறார்கள்.

1923 ஏப்ரல் 5, 6 தேதிகளில் ஆலிவரின் குழு இங்கே வந்தது. ஒலிவாங்கிகள் பதிவுக்கூடத்துக்கு வராத காலம். ஒரு பெரிய புனலின் முன் நின்று வாசித்தால், அந்த அதிர்வே மெழுகில் கோடு கிழிக்கும். பக்கத்தில் தண்டவாளம்; ரயில் வந்தால் நிறுத்த வேண்டும். பெரிய முரசை அடித்தால் கோடு கிழிக்கும் ஊசி துள்ளிவிடும் என்பதால் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டினார். பாஸ் வாசிக்கும் பில் ஜான்சன் பாஞ்சோவை எடுத்துக்கொண்டார். ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் மற்றவர்களை மூழ்கடித்ததால் அவரைத் தள்ளி நிற்கவைத்தார்கள் என்று சொல்வார்கள். ‘சைம்ஸ் ப்ளூஸ்’ தட்டில் அவருடைய முதல் தனி வாசிப்பு பதிவானது இப்படித்தான்.

எனவே தட்டில் கேட்பதை அப்படியே நம்பினால், ஆரம்பகால ஜாஸில் முரசு மெலிந்தது, பாஸ் இல்லை என்று முடிவுகட்ட நேரும். சரியான கேள்விகளைக் கேட்க வைப்பது சேகரிப்பாளரின் நுணுக்கப் புத்தி. லேபிளுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண், அது எத்தனையாவது முயற்சி என்ற குறி, சுழலும் வேகம், லேபிளின் நிறம்: இவற்றை அவர் பைத்தியம்போல் குறித்துவைத்ததால்தான் எந்த நாள், எந்த வரிசை, எந்த வாசிப்பு என்பதைப் பின்னால் வந்தவர்கள் நிறுவ முடிந்தது. அக்காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுழற்சியில் பதிவானவை அல்ல. வேகம் மாறினால் சுருதியே மாறும். பிரையன் ரஸ்ட் போன்றவர்களின் பெரும் பட்டியல்கள் இந்தச் சில்லறைக் குறிப்புகள் சேர்ந்து எழுந்தவை.

ரிச்மண்ட் இன்னொரு கசப்பையும் சொல்கிறது. 1923 ஜூலையில் நியூ ஆர்லியன்ஸ் ரிதம் கிங்ஸ் என்ற வெள்ளையர் குழுவோடு கறுப்பினக் கிரியோல் கலைஞர் ஜெல்லி ரோல் மோர்டன் இதே கூடத்தில் பியானோ வாசித்தார். இனங்கள் கலந்து ஜாஸ் பதிந்த முதல் அமர்வுகளில் ஒன்று அது. அதே பத்தாண்டில் அதே ஆலை கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்புக்கும் காசு வாங்கித் தட்டடித்துக் கொடுத்தது. நிறுவனத்துக்கு இரண்டும் ஆர்டர்தான். ஆகவே நிறுவனங்கள் வரலாற்றைக் காத்தன என்று நன்றி சொல்வதற்கு இடமில்லை. அவை பதிந்தன, விற்றன, விலைபோகாததை அழித்தன.

நியூயார்க், நியூவர்க்

நியூயார்க்கில் ஜாஸ் தட்டுகள் பொருளாக இருந்து ஆவணமாக மாறின. 1930களில் மில்ட் கேப்ளர் தன் கமடோர் கடையில், நிறுவனங்கள் கைவிட்ட பழைய பதிவுகளைத் திரும்ப அடிக்கவைத்து விற்றார். லேபிளில் குழுவின் பெயரோடு நிற்காமல், யார் யார் எதை வாசித்தார்கள் என்றும் அச்சிட்டார். 1936இல் பாரிஸில் சார்ல்ஸ் டெலோனே ஜாஸ் தட்டுகளின் விரிவான பட்டியல் நூலைக் கொண்டுவந்தார். தட்டு சேர்த்தவர்கள் கூடி எழுதிய ‘ஜாஸ்மென்’ 1939இல் வந்தது. எல்லோரும் மறந்துபோன நியூ ஆர்லியன்ஸ் ட்ரம்பெட் கலைஞர் பங்க் ஜான்சனைத் தேடிப் பிடித்ததும் அந்த முயற்சியில்தான்.

கடினமான எதிர்வாதம் இங்கே வருகிறது. கறுப்பினக் கலைஞர்கள் பக்கத்துக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலி வாங்கிப் போனார்கள். கிங் ஆலிவர் 1938இல் சவானாவில், பில்லியர்ட்ஸ் கூடத்தில் துப்புரவு வேலை செய்யும் நிலையில், வறுமையில் இறந்தார். அவர் தட்டைப் பின்னாளில் பெரும்பாலும் வெள்ளையர்களே சேர்த்தார்கள். தெற்கில் கறுப்பின மக்களின் வீடு வீடாகப் போய்ச் சில்லறைக்கு வாங்கியவர்களும் உண்டு. பாராமவுண்டின் அரிய ப்ளூஸ் தட்டு ஒன்று 2013இல் 37,100 டாலருக்கு ஏலம் போனது. பாடியவரின் வீட்டுக்கு அதில் ஒன்றும் போயிருக்காது. மேலும் சேர்த்தவர்கள் தங்களுக்குப் பிடித்த ‘அசல்’ இசையைத்தான் எடுத்தார்கள்; நளினமான நடனக் குழுக்களை ஒதுக்கினார்கள். கீறலே இல்லாத தட்டுக்கு அவர்கள் தரும் விலை, அதை யாரும் ஆசையாகப் போட்டுக் கேட்கவில்லை என்பதற்கான விலையும்தான்.

இதை மறுக்க நான் முனையமாட்டேன். இந்தக் குற்றச்சாட்டு சேகரிப்பின் ஒரு முகத்தைச் சரியாகவே பிடிக்கிறது. ஆனால் அது எதன் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். கூலியைச் சுரண்டியது நிறுவனம். லேபிளில் பெயரில்லாமல் கிடந்த கிளாரினெட்காரரும் டிரம்போன்காரரும் யாரென்று காதால் கேட்டும், நேரில் போய் விசாரித்தும், எழுதிவைத்தது சேகரிப்பாளர். பெயரைத் திருப்பித் தருவது கூலியைத் தருவதாகாது. ஆனால் பெயர் தெரியாதவருக்குக் கூலி கேட்கவும் ஆளிருக்காது. குற்றம் சேர்ப்பதில் இல்லை. சேர்த்ததைப் பூட்டி வைத்து விலையேற்றுவதில் இருக்கிறது.

பூட்டாமல் வைப்பது எப்படி என்பதற்கு குவீன்ஸின் கரோனா பகுதியில் ஒரு செங்கல் வீடு சாட்சி. 1943 முதல் 1971இல் இறக்கும்வரை ஆம்ஸ்ட்ராங் வாழ்ந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். சுற்றிலும் இன்று ஸ்பானிய மொழி பேசும் தெருக்கள், சோள ரொட்டி சுடும் கடைகள். ஆம்ஸ்ட்ராங் தானே ஒரு தேர்ந்த சேகரிப்பாளர். தட்டுகளை நாடாவுக்கு மாற்றி, பெட்டிக்கு எண் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கையால் எழுதி, அட்டையில் படம் வெட்டி ஒட்டினார். தட்டு சேர்ப்பது இசையை வாழத் தெரியாதவர்களின் வேலை என்பவர்கள் இந்த நாடாப் பெட்டிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் நியூவர்க்கில், மார்ஷல் ஸ்டெர்ன்ஸ் என்ற சேகரிப்பாளர் 1952இல் தொடங்கி, 1966இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்துசேர்ந்த ஜாஸ் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தனி மனிதரின் அலமாரி பொது நூலகமானால் என்ன நேரும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

சட்டமும் இப்போது திறப்பவர் பக்கம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1923ஆம் ஆண்டுப் பதிவுகள் 2024 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. ரிச்மண்டில் ஆலிவரும் ஆம்ஸ்ட்ராங்கும் வாசித்ததை இனி யாரும் யாரையும் கேட்காமல் பகிரலாம். இனிமேல் தட்டைப் பட்டியலிடாமலும் ஒலியை எடுக்காமலும் வைத்திருப்பவருக்குச் சட்டத்தைச் சாக்குச் சொல்ல வழியில்லை.

தமிழ் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். 1933இல் இளம் வயதில் இறந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலும் இதே அரக்கில்தான் எஞ்சியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் இருந்தால், விற்பதற்கும் எறிவதற்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். லேபிளில் உள்ள பெயர்களையும், தட்டு எண்ணையும், உள்விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரு பக்கங்களையும் படமெடுங்கள். சரியான ஊசியும் கருவியும் உள்ளவரிடம் கொடுத்து ஒலியை எடுத்துவையுங்கள். பழைய இரும்பு ஊசியில் மட்டும் போட்டுப் பார்க்காதீர்கள். அது வரிப்பள்ளத்தைத் தின்றுவிடும். பிறகு அந்தத் தட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.